குடிகாரக் கம்பங்கள்

கம்பங்களுக்குக் குடிகாரன் என்று பேர் வைத்தது முகாம் ஜனங்கள்தான். ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு வெயில் ஏறியதும் கக்கிவிடுகிற ஒன்றை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். செலினுக்கு அந்தப் பேர் முதலில் பிடிக்கவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் அதற்கு இருந்த பேரே வேறு. ஆனால் ஒரு மாதம் போவதற்குள், மூன்றாவது வரிசைக் குடிகாரனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவளே தன் ஆட்களிடம் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

செலின் பர்னாந்து தூத்துக்குடிக்காரி. கடல் ஏறிய பிறகு அந்த ஊரில் மிச்சமிருந்த ஐஸ் பாக்டரி ஒன்றில் இஞ்சினியராக இருந்தவள். ‘தோள்’ என்ற தொண்டர் அமைப்பு ஆள் தேடியபோது ஆறு மாத லீவில் வந்தாள். லீவு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் திட்டினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முகாம் விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. வேதாரண்யத்து உப்பளங்களையும் அவற்றைச் சுற்றியிருந்த ஊர்களையும் கடல் எடுத்துக்கொண்டபோது வெளியேறிய ஆறாயிரம் பேர் அங்கே தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு இடம் தர மூன்று ஊர்கள் மறுத்துவிட்டன. நான்காவதாகக் கேட்கப்பட்ட முத்தலக்குளம்தான் தன் மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுத்தது. இடம் கிடைத்துவிட்டது, தண்ணீர் கிடைக்கவில்லை. எங்கே துளை போட்டாலும் உப்பு. லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்த தண்ணீரும் எந்தக் குட்டையில் மொண்டதோ தெரியாது. இளஞ்சேரன் என்ற உப்பளத் தொழிலாளி அந்தத் தண்ணீர் குடித்த வயிற்றுப்போக்கில் தன் மூத்த மகளைப் பறிகொடுத்திருந்தான். அவன் ஒருவன் மட்டுமல்ல.

கம்பம் நடும் வேலைக்கு முதலில் வந்து நின்றவன் அந்த இளஞ்சேரன்தான். காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகிறோம் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.

“உப்பு டப்பாவ மழைநாள்ல தொறந்து வெச்சா என்ன ஆகும்?” என்று செலின் கேட்டாள்.

“நனஞ்சுபோவும். தண்ணி விட்டுக்கும்.”

“இந்தக் கம்பத்துக்குள்ள ஒரு பொடி இருக்கு. ஒங்க உப்புக்குப் பெரியப்பன்னு வெச்சுக்கோங்க. ராத்திரிக் காத்துல இருக்க ஈரத்த அது உறிஞ்சிக்கும். காலையில வெயில் பட்டுச் சூடானதும் விட்டுரும். அது கீழ தொட்டிக்கு எறங்கும்.”

“அப்ப காத்துல தண்ணி தீர்ந்துபோவாதா?”

செலின் சிரித்தாள். காற்று தீர்ந்துபோகாது என்றாள். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பை நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

தொண்டர்கள் இருபது பேரும் முகாம் ஆட்களும் சேர்ந்து முந்நூறு கம்பங்களை நட்டார்கள். முதல் குழாயைத் திறந்த காலையில் யாரும் கூச்சல் போடவில்லை. ஒரு பெண் குடத்தை வைத்தாள், நிறைந்தது. அடுத்தவள் வைத்தாள், அதுவும் நிறைந்தது. வரிசையில் கடைசியாக நின்றவளுக்கும் நிறைந்தபோதுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. விடியுமுன்னே எழுந்து சேலையைத் திரையாகப் பிடித்துக் குளித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கதவு வைத்த குளியலறைகள் வந்தன. கழிப்பறைகளுக்குத் தண்ணீர் வந்தது. கொட்டகைகளின் ஓரத்தில் கீரைப் பாத்தி வந்தது. லாரிக்குக் காத்துக் கிடந்த பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனார்கள். வயிற்றுப்போக்கு என்று யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை.

வெளியூர்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அமைப்பின் தலைவர் தயாளன் சென்னையிலிருந்து அதிகாரிகளை அழைத்து வந்து, வரிசை வரிசையாக நிற்கும் கம்பங்களைக் காட்டினார். இதே மாதிரி இன்னும் இருபத்திரண்டு முகாம்களில் நடுவதற்கு அரசாங்கம் யோசிக்கிறது என்று சேதி வந்தது. அன்று செலின் தன் அம்மாவுக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினாள்.

மூன்றாவது வருடம் மார்கழியில் பொடி மாற்றும் வேலை வந்தது. அதற்காக இரண்டு இரவுகள் எல்லாக் கம்பங்களின் மூடிகளையும் அடைத்து வைத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து வாங்குவதற்காகச் செலின் முத்தலக்குளத்துக்குப் போனாள். பட்டறைக்குக் குறுக்கு வழி மல்லிக்காட்டு வரப்பு. பாதி தூரம் போவதற்குள் அவளுடைய பேண்ட் முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. காடு முழுக்க வெள்ளி தூவிய மாதிரி இருந்தது. கொத்தமல்லி இலை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு.

வரப்பில் பஞ்சாயத்துத் தலைவர் கொண்டல்சாமி நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர், முகாமுக்கு இடம் கொடுக்கலாம் என்று ஊரில் பேசி முடித்தவர். சின்னப் பையன் மாதிரி செடியில் கையை ஓட்டி ஈரத்தை முகத்தில் தடவிக்கொண்டிருந்தார்.

“கால் நனஞ்சுட்டுதா தங்கச்சி? நனையட்டும். ரெண்டு வருசம் கழிச்சு நேத்தும் இன்னைக்கும்தான் பனி எறங்கியிருக்கு.”

“பனி எறங்காட்டா என்ன அண்ணாச்சி?”

“மழ ஈரமெல்லாம் மார்கழியோட சரி. அதுக்குப் பெறவு மல்லிக்கும் கடலைக்கும் பாலூட்டுறது பனிதான். எங்களுக்குக் கெணறா இருக்கு, ஆறா இருக்கு? போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் பூவோட கருகிப்போச்சு. அதிகாரிகிட்ட கேட்டோம். பருவம் மாறிட்டுன்னாரு. கடலே எடம் மாறும்போது பனி மாறாதான்னு நாங்களும் விட்டுட்டோம்.”

நேத்தும் இன்னைக்கும். செலின் பட்டறைக்குப் போகவில்லை. அதே வரப்பில் திரும்பி நடந்தாள்.

கம்பங்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் அவள் மல்லிக்காட்டில் கண்ணாடித் தகடுகளை வைத்தாள். மறுநாள் காலையில் அவை காய்ந்து கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. பிறகு அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். முகாம் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தண்ணீரும், முத்தலக்குளத்தின் பயிர்நிலம் முழுவதிலும் ஒரு ராத்திரி இறங்கும் பனியும் ஏறக்குறைய ஒரே அளவு. வாடைக்காற்று கடற்பக்கமிருந்து வந்து முதலில் முகாமைத் தொடுகிறது, அப்புறம்தான் ஊர். இடம் கொடுத்த ஊருக்குப் போகவேண்டிய ஈரத்தை வழியில் மறித்துக் குடித்துக்கொண்டிருந்தது அவள் நட்டு வைத்த முந்நூறு கம்பங்கள்.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த வாரம் முகாமுக்கு வந்த தயாளனிடம் தகடுகளையும் கணக்கையும் காட்டினாள். அவர் நிதானமாகப் பார்த்தார். தப்பு என்று சொல்லவில்லை. வேறொரு முகாமில் ஒரே மாதத்தில் பதினோரு குழந்தைகளை அடக்கம் செய்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். அதைப் பற்றி அவர் எப்போதும் பேசுவதில்லை, அன்று பேசினார்.

“பங்குனியில ஃபைல் கையெழுத்தாகிடும் செலின். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க. அப்புறம் நாமளே போய் அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன வேணுமோ வாங்கிக் கொடுப்போம். இப்ப இது வெளிய போனா எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டான். இருபத்திரண்டு முகாம். அதையும் நெனச்சுப் பாருங்க.”

அவள் நினைத்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வேதநாயகியைத் தேடிப் போனாள்.

வேதநாயகி முகாம் கமிட்டியின் தலைவி. நாற்பது வயது. உப்பளத்தில் இருபது வருடம் பலகை இழுத்த கைகள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். செலின் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கிடவில்லை. பிறகு, தயாளன் சாருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள். சாயங்காலமே குழாயடித் திடலில் கூட்டம் போட்டாள்.

கூட்டம் எடுத்த எடுப்பிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஊர்க்காரர்களுக்கு நஷ்டம் என்றால் அரசாங்கம் கொடுக்கட்டும், தண்ணீரை ஏன் நிறுத்தவேண்டும் என்று பலர் கேட்டார்கள். இளஞ்சேரன் எழுந்தபோது சத்தம் அடங்கியது. மூத்த மகளைக் கொடுத்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். இளைய மகள் அவன் இடுப்பில் இருந்தாள்.

“எனக்கு மல்லியும் தெரியாது, பனியும் தெரியாது. லாரித் தண்ணி என்னா பண்ணும்னு தெரியும். கம்பத்த நிறுத்தச் சொல்றவங்க எம்புள்ளைய ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க” என்றான்.

செலின் தலையைக் குனிந்துகொண்டாள். வேதநாயகி அவன் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“நீ சொல்றது நெசம்தான் தம்பி. ஒன் வலி எனக்கு இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு யோசி. நம்ம வூட்டக் கடல் எடுத்துச்சே, அது யாரால? எங்கயோ எவனோ வசதியா இருந்தான். அவன் வுட்ட பொகையில இஞ்ச கடல் ஏறுச்சு. அவன் நம்மள அழிக்கணும்னு நெனக்கல. அவனுக்கு நம்ம பேருகூடத் தெரியாது. தெரிஞ்சப்பறமும் ‘அடுத்த வருசம் பாத்துக்கலாம்’னு இருந்துட்டான். இப்ப அந்த எடத்துல நாம நிக்கிறோம். அவன் பண்ணுனதத்தான் நாமளும் பண்ணப்போறமா?”

இளஞ்சேரன் உட்காரவில்லை. மகளை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அப்படியே நின்றான்.

கடைசியில் கைதூக்கினார்கள். சிறிய வித்தியாசம்தான். பனிக்காலம் முடியும்வரை, பொழுது சாய்ந்ததும் கம்பங்களின் மூடிகளை அடைத்துவிடுவது, வெயில் ஏறிய பிறகு திறப்பது. பகல் காற்றில் ஈரம் குறைவு, பொடி சூடேறுவதற்குள் உறிஞ்சுகிற கொஞ்ச நேரம்தான் கணக்கு, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர்தான் கிடைக்கும் என்று செலின் ஒளிக்காமல் சொன்னாள். இளஞ்சேரன் கைதூக்கவில்லை. ஆனால் மூடி அடைக்க யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது, வேறு யாராவது செய்தால் ஒன்றிரண்டைத் திறந்து விட்டுவிடுவார்கள், நானே செய்கிறேன் என்றான்.

மறுநாள் வேதநாயகியும் செலினும் முத்தலக்குளத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். கொண்டல்சாமி வீட்டு முன்னால் ஊரே கூடியிருந்தது. செலின் உப்பு டப்பாவிலிருந்து ஆரம்பித்துக் கண்ணாடித் தகடுவரை விளக்கினாள். ஒருத்தர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இடம் கொடுத்ததே தப்பு என்று ஒரு பெண் சொன்னாள். வேதநாயகி அதற்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகாமின் முடிவைச் சொல்லிவிட்டு, போன இரண்டு வருடப் பயிரைத் திருப்பித்தர எங்களால் முடியாது, இனிமேல் போகாது என்று மட்டும் சொல்லமுடியும் என்றாள்.

வழியனுப்ப ஊர் எல்லைவரை வந்த கொண்டல்சாமி அங்கே நின்று, “நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாதே தாயி” என்றார்.

அந்தப் பனிக்காலத்தை முகாம் எப்படிக் கடந்தது என்பதைச் செலின் பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறாள். எங்கே சொன்னாலும் அவள் குரல் கொஞ்சம் நிமிரும். வீட்டுக்கு வீடு சமைப்பதை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஒரு அடுப்பு வைத்தார்கள். தொண்டர்கள் குளியலறைத் தண்ணீரைச் சரளையும் மணலும் போட்ட வாய்க்காலில் விட்டு, வடிகட்டிக் கழிப்பறைக்குத் திருப்பினார்கள். குடிக்கும் தண்ணீரைக் கமிட்டி தனியாகப் பூட்டி வைத்தது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் முதலில் ஊற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கு. லாரித் தண்ணீர் ஒரு வாய்கூட யாரும் குடிக்கவில்லை. எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமுடியாது. துவைக்காத துணியால் சில பிள்ளைகளுக்குச் சொறி வந்தது. கீரைப் பாத்திகள் காய்ந்தன. செலின் காதுபடவே அவளைக் கரித்துக் கொட்டினார்கள். ஆனால் தினமும் பொழுது சாயும்போது இளஞ்சேரன் முதல் வரிசையில் தொடங்கி முந்நூறு மூடிகளையும் கையால் தட்டிச் சரிபார்த்துக்கொண்டே போவான். சுவிட்சைப் போட்டாலே மூடிக்கொள்ளும். அவனுக்கு அது போதாது.

தை பிறந்து சில நாளில் முத்தலக்குளத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் தொட்டி நிறைய ஊருணித் தண்ணீர். ஓட்டி வந்தவர் எங்கே இறக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார். அன்று கொண்டல்சாமி வீட்டு முன்னால் கெட்ட வார்த்தை பேசியவர்தான் அவர். அதன் பிறகு டிராக்டர் மாசிவரை வந்துகொண்டிருந்தது.

பங்குனியில் அதிகாரிகள் வந்தார்கள். பனிக்காலத்துக் கணக்கில் தண்ணீர் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். செலின் பேச வாய் திறந்தாள். அதற்குள் தயாளன் முன்னால் வந்து, நடந்ததை முழுவதும் தானே சொன்னார். கண்ணாடித் தகடுகளைக்கூட விடவில்லை. ஃபைல் தள்ளிவைக்கப்பட்டது. கார் ஏறியதும் அவர் செலினைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கையை மட்டும் தூக்கினார்.

அந்தக் கோடை முழுக்க மற்ற இருபத்திரண்டு முகாம்களில் லாரித் தண்ணீர்தான். அதனால் என்னென்ன நடந்திருக்கும் என்பதைச் செலின் தெரியாத மாதிரி இருந்துகொள்ளவில்லை. அந்த முகாம்களிலிருந்து வரும் செய்திகளை ஒன்று விடாமல் படித்தாள். புரட்டாசியில் திட்டம் மறுபடி உயிர்பெற்றது. பனியை நம்பிப் பயிர் செய்யும் இடங்களில் பனிநேரத்தில் கம்பங்களை மூடிவைக்கவேண்டும், அதற்கேற்ப மழைநீர்த் தொட்டிகளும் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்தவர் தயாளன்.

முத்தலக்குளத்தில் அந்த வருடம் மல்லி நன்றாக வந்தது. அறுப்பு நடந்த நாட்களில் முகாம் முழுக்க அந்த வாசம்தான். உப்புக்காற்றிலேயே வளர்ந்த ஜனங்களுக்கு அது புதுசு.

மே மாதம் ஒன்றாம் தேதி கிராமசபைக் கூட்டத்தில் கொண்டல்சாமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். முகாம் இருக்கும் மேய்ச்சல் நிலத்தை ஊரின் ஏழாவது வார்டாகச் சேர்த்துக்கொள்வது, அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரையும் முத்தலக்குளத்துக்காரர்களாக ஏற்றுக்கொள்வது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அப்படிச் சேர்த்துக்கொண்டால் ஊரில் இருப்பதைவிட வந்தவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள் என்று ஒருவர் எச்சரித்தார். அது எனக்கும் தெரியும் என்றார் கொண்டல்சாமி. தீர்மானம் நிறைவேறியது. மேலிடத்து உத்தரவு வந்துசேர ஐப்பசி ஆகிவிட்டது.

உத்தரவு வந்த அன்றைக்கே ‘தோள்’ அமைப்புக்கும் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொண்டர்கள் மாத முடிவுக்குள் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று எழுதியிருந்தது. செய்ததற்குத் தண்டனை என்று நினைத்துச் செலின் தயாளனுக்குப் போன் போட்டாள்.

அவர் சிரித்தார். கடந்த ஒரு வருடத்தில் அவர் சிரித்து அவள் கேட்டதில்லை. “தண்டனை இல்ல செலின். தொண்டர்கள் முகாம்லதான் வேலை செய்யலாம்னு விதி. அங்க இப்ப முகாமே இல்லையே. முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததே இல்ல.”

கம்பங்களை ஏழாவது வார்டுக் கமிட்டியிடம் ஒப்படைத்தார்கள். வேதநாயகி வார்டு உறுப்பினராகப் போட்டியிடப் போவதாகப் பேச்சு இருந்தது. செலினை வழியனுப்பும்போது அவள் அழவில்லை. “இனிமே இஞ்ச வேலைக்கு வராத. விருந்துக்கு வா” என்றாள். செலின்தான் அழுதாள்.

தொண்டர்கள் ஏறிய வேனில் பின் சீட்டில் இளஞ்சேரன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஸ்பானர் பை. யார் கூப்பிட்டார்கள் என்று செலின் கேட்டாள். கம்பம் நடுகிற வேலை தனக்குத் தெரியும் என்றும், மூடுகிற வேலை தன்னைவிட யாருக்கும் தெரியாது என்றும், பெண்டாட்டியிடம் மூன்று மாதம் சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும் அவன் சொன்னான். அவள் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இருபத்திரண்டில் முதல் முகாம் திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் மேடான தேரிக்காட்டில் இருந்தது. மூழ்கிய தீவுகளிலிருந்து வந்தவர்கள். வாசலில் குடங்களோடு நீளமான வரிசை. காவலர் ஒவ்வொரு தொண்டராக நிறுத்திப் பேரும் ஊரும் கேட்டு உள்ளே விட்டார். செலின் சொல்லிவிட்டுக் கடந்தாள். அடுத்து இளஞ்சேரன்.

“எந்த ஊரு?”

செலின் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடமாக அவனிடம் இதைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். வேதாரண்யம் என்றால், அதான் இல்லையே என்பார்கள். முகாம் என்றால் அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்கள்.

“முத்தலக்குளம்” என்றான் இளஞ்சேரன்.

காவலர் அப்படி ஒரு ஊரைக் கேள்விப்பட்டதில்லை. அது எங்கே இருக்கிறது என்றார்.

“வெளாத்திகுளம் தாண்டி. மல்லி வெளையுற ஊரு” என்று சொல்லிவிட்டு, ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தான்.